அரைப் புருவம்

எலி செத்துக் கிடந்தது!

வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த மாப்பிள்ளைக்கு வயிறு குளிர்ந்தது.

மாமனார் விஞ்ஞானி. கண்ணுக்கே எட்டாத இரும்புத் துணுக்குகளால் ஆன அவருடைய நானோ பொடி, பூச்சிமருந்து ஆலைக் கழிவின் விஷத்தை முறித்துவிடும். பிறகு பொடியைக் காந்தத்தால் இழுத்து எடுத்துவிட்டு, வாங்க வருகிறவர்கள் கண்ணெதிரே அந்தத் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டுவார்.

இன்றைக்கும் குடிப்பார்.

ஆனால் டப்பாவில் இப்போது இருப்பது கடையில் வாங்கிய சாதா இரும்புத் தூள்! காந்தத்தில் சமர்த்தாக ஒட்டும். விஷத்தை மட்டும் தொடாது. சாட்சி... அந்தத் தூள் போட்ட ஆலைக் கழிவைக் குடித்த எலி.

கம்பெனி இனி மாப்பிள்ளைக்கு!

அசல் பொடியைக் குப்பைத் தொட்டியில் கொட்டியபோதுதான் ஒரு சின்ன அசம்பாவிதம். குப்பென்று தீ! பாதிப் புருவம் போயே போச்சு. மனைவியின் ஐப்ரோ பென்சிலால் வரைந்து சமாளித்திருந்தான்.

ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தது.

மாமனார்! கையில், பொடி போட்டுக் காந்தம் காட்டி முடித்த தண்ணீர்க் குடுவை.

"என்ன மாப்ளே, புருவத்துலேர்ந்து மை வழியுது?"

கட்டை விரலால் துடைத்தார்.

"அடடே! பாதியைக் காணோமே!"

"ஷேவ் பண்றப்போ..."

"புருவத்தையா?"

கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டான்.

"என் பொடி காத்து பட்டா பத்திக்கும், மாப்ளே. இங்க பெருக்குற அம்மாவுக்குக்கூடத் தெரியும். நீங்கதான் சம்பளத் தேதி தவிர இந்தப் பக்கம் வந்ததில்லையே!"

கதவைத் தாழிட்டார். டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க குடிச்சுக் காட்டுங்க."

தடாலென்று காலில் விழுந்தான்.

"மாமா! பொடியை மாத்திட்டேன்! மன்னிச்சிடுங்க!"

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எழுந்திரிங்க. நிஜ விஷத்துல விளையாட எனக்கென்ன பைத்தியமா? என்னிக்குமே இது குழாய்த் தண்ணிதான். வியாபாரம், மாப்ளே!"

அட, கிழவனும் நம்ம ஜாதிதானா! ஃப்ராடு!

போன உயிர் திரும்பி வந்தது. பயத்தில் நாக்கு வறண்டிருந்தது. டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

கசந்தது.

"மாமா... குழாய்த் தண்ணின்னு..."

"பொய் சொன்னேன். என்னிக்குமே விஷத் தண்ணிதான். என் பொடி போட்டா நான் பொழைச்சுக்குவேன். இது உங்க பொடி போட்டது!"

"கா... காப்பாத்துங்க... அசல் பொடி..."

"அதுதான் உங்க புருவத்தோட உடன்கட்டை ஏறிடுச்சே!"

எலிக்குப் பக்கத்திலேயே சரிந்தான்.

போன் அலறியது. மகள்!

"அப்பா, என் ஐப்ரோ பென்சிலைக் காணோம். அவர் எடுத்தாரான்னு கேளுங்களேன்."

மாமனார் குனிந்து, அசையாத சட்டைப் பையைத் துழாவினார்.

"பென்சில் கிடைச்சுடுச்சும்மா... மாப்பிள்ளைதான் வேற தேடணும்!"