எட்டாம் மணி நின்ற இடம்

அன்று எட்டாம் மணி காத்திருந்தது. கம்ப்யூட்டர் யாருக்காகவும் காத்திருக்காது. கிருஷ்ணகுமாரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

இங்கிலாந்தில் சில வருடம் இருந்துவிட்டுக் கேகாலைக்குத் திரும்பிய இந்திரகுமார்தான் இந்தக் கைமணிப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர். மூன்று பேர், மூன்று ஊர், இணையத்தில் ஒரே வட்டம். ஆளுக்கு இரண்டு மணி, இரண்டு கைக்கும் இரண்டு பட்டன். மொத்தம் எட்டில் மிஞ்சும் ஏழாம், எட்டாம் மணிகளைக் கம்ப்யூட்டர் அடிக்கும். இதில் பாட்டெல்லாம் கிடையாது, வரிசை மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் மணி ஓரிடம் நகரும். கடைசியில் இருப்பது முன்னால் வந்து, முதலிடத்தில் இரண்டு முறை ஒலித்து, வந்த வழியே திரும்பிப் போகும். நடுவில் அவர் “ஸ்டாண்ட்” என்றால் விரல்கள் அந்த நொடியே நிற்கவேண்டும். மாதக்கணக்காகத் திட்டித் திட்டி அதைப் பழக்கியிருந்தார்.

“துஷ்யந்தி, மாடு கூட இதவிட ஒழுங்கா மணி ஆட்டும்.”

“மாட்டுக்கு ஒரு மணிதானே அண்ணே. எனக்கு ரெண்டு.”

அவள் பிந்தியபோதுதான் எட்டாம் மணி பொறுத்து, அவளுக்கு இடம் விட்டு, பிறகு ஒலித்தது.

“அண்ணே, எட்ட யாரு அடிக்கிறாங்க?”

“கம்ப்யூட்டர்தான். பேசாம அடிங்க குமாரி.”

வெளியே மழை, தெஹியோவிட்டவின் இறப்பர் மரங்களை வேரோடு களனி கங்கைக்குள் தள்ளிவிட்டுத்தான் ஓய்வேன் என்பதுபோல, தகரக் கூரையில் ஆயிரம் பேர் ஏறி நின்று உலக்கையால் இடிக்கிற இரைச்சலோடு கொட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகுமாரியின் கணவன் அவிசாவளையில் பஸ்ஸுக்கு நின்றான். அவள் இருந்த முன்னறைக்கு அடுத்த நடு அறையில், திரைச்சீலைக்குப் பின்னால், மகள் தூங்கினாள். வீட்டில் வேறு யாருமில்லை.

கிருஷ்ணகுமாரி தலையை உதறி ஹெட்செட்டைக் கழுத்துக்குத் தள்ளினாள். மற்ற மணிகள் கொசுக்களாகச் சிறுத்தன. எட்டாம் மணி மட்டும் சிறுக்கவில்லை. கனமாக, ஈரமாக, முதுகுக்குப் பின்னால், அடுப்பணைந்த குசினியிலிருந்து ஒலித்தது.

அடுத்த சுற்றில், குசினி வாசலில்.

வரிசையில் ஓரிடம். வீட்டிலும் ஓரிடம்.

ஊறிப்போன இறப்பர் ஒட்டுப்பாலின் நாற்றம் அறைக்குள் வந்தது. அதற்கடுத்த சுற்றில் மணி நடு அறைக்குள் ஒலித்தது. கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து ஓடத் துடித்த கால்களை அவளே அழுத்திப் பிடித்தாள். எழுந்தால் தன் மணிகள் நின்றுவிடும். வரிசை உடையும். வரிசை உடைந்தால் அது இருக்கும் இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளைக்குப் பக்கத்தில்.

அடித்தாள். பிழையே விடாமல் அடித்தாள்.

அறையைவிட்டு வந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்தது. கழுத்தில் குளிர். ஒரு முறை ஒலித்தது.

இன்னொரு முறை.

திரும்பியது.

போகட்டும். நடு அறையைத் தாண்டட்டும். குசினியைத் தாண்டட்டும். மழைக்குள் போகட்டும்.

அறை வாசல். திரை. நடு அறை.

“ஸ்டாண்ட்.”

அவள் நினைப்பதற்குள் விரல்கள் நின்றுவிட்டன.

“துஷ்யந்தி திரும்பவும் தொலஞ்சிட்டாங்க,” கழுத்தில் கிடந்த ஹெட்செட்டுக்குள் இந்திரகுமார் சிரித்தார். “குமாரியப் பாருங்க. சொன்ன ஒடனே நின்னாங்க.”

அவள் பட்டன்களை அறைந்தாள். அவளுடைய இரண்டு மணிகளும் தனியாகக் கிணுகிணுத்தன. பதில் இல்லை. அறைந்தாள். பதில் இல்லை.

“அம்மா,” தூக்கக் குரல். “இவங்க இனி எப்ப அடிக்கிறதுன்னு கேக்கிறாங்க.”

கிருஷ்ணகுமாரி திரும்பினாள்.

திரைக்குக் கீழே மகளின் வெறும் பாதங்கள். அவற்றுக்கு இருபுறமும், தரைக்கு ஒரு விரற்கடை மேலே, வாய் கவிழ்ந்து, அசையாமல் தொங்கின இரண்டு பித்தளை மணிகள்.

பிள்ளையின் கைகள் அவ்வளவு நீளமில்லை.

வேறு பாதங்களும் இல்லை.