மூன்று விரல் இடைவெளி

திருப்பிப் போட்ட நான்காவது சாக்ஸின் குதிகாலில் சூடு இருந்தது.

மிஷின் சூடாக இருக்கும் என்றுதான் நதியா முதலில் நினைத்தாள். மோட்டார் பக்கத்தில் கிடக்கும் துணி லேசாகச் சுடுவது வழக்கம்தான். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது, மோட்டார் ஓடவே இல்லை, அவள் காலால் மிதித்துத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். கீழ்த்தளத்து நிட்டிங் மிஷின்கள் நின்றுபோனதில் அந்த நல்லூர்த் தெருவே காது அடைத்த மாதிரிக் கிடந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தமும், மிஷின் எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாசமும், மூலையில் பாயில் தூங்கும் மகள் செலினின் மூச்சும் மட்டும்தான் அந்த ஒற்றை அறையில் இருந்தன.

சிவப்பு ஃப்ளீஸ் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் போர்வைக்குள்ளிருந்து எடுத்த பிள்ளைப் பாதத்தின் சூடு. சட்டென்று கையை எடுத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, அதைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள்.

அது யாரும் காலில் போடுகிற சாக்ஸ் அல்ல. வெளிநாட்டில் கிறிஸ்மஸுக்குச் சுவரில் தொங்கவிட்டு, உள்ளே மிட்டாயும் பொம்மையும் போடுவார்களாம். நதியா பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவள். குடில் வைத்திருக்கிறாள், வாசலில் ஸ்டார் கட்டியிருக்கிறாள். ஒற்றைக் காலுக்குச் சாக்ஸ் தைத்துத் தொங்கவிடுகிற கூத்தை அவள் கேள்விப்பட்டதே திருப்பூருக்கு வந்த பிறகுதான். ஆவணியிலேயே கப்பல் ஏறினால்தான் டிசம்பருக்கு அங்கே போய்ச் சேருமாம். கம்பெனிக்கும் வீடுகளுக்கும் நடுவில் துணி சுமக்கிற மருதாசலம் அப்படித்தான் சொன்னார். செக்கிங்கில் கழிந்துபோன இரண்டு டஜனுக்கு மாற்று வேண்டும், சாயங்காலம் ஆறரைக்கு வருவேன் என்று துணியையும், வெட்டுவதற்கு ஒரு அளவு அட்டையையும் காலையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிவப்புத் துணியில் ஒரு கால், வெள்ளை லைனிங்கில் ஒரு கால். நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து வாயைச் சுற்றித் தைக்க வேண்டும். லைனிங்கின் பாதத்தில் மட்டும் மூன்று விரல் நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விட வேண்டும். அந்த இடைவெளிக்குள் விரலை விட்டு உள்ளே இருக்கிற சிவப்பைப் பிடித்து இழுத்தால், நுனி முதலில் மடங்கி உள்வாங்கும், பிறகு பாதம், குதிகால், கெண்டைக்கால் என்று மொத்தமும் உள்வெளியாகத் திரும்பிவிடும். கடைசியில் இடைவெளியைக் கைத்தையல் போட்டு மூடினால் தீர்ந்தது. உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே.

ஐந்தாவதைத் திருப்பினாள். அதுவும் சூடாகத்தான் இருந்தது.

அட்டை மட்டும் நனையாமல் இருந்திருந்தால் இந்த மனக்குறுகுறுப்பே வந்திருக்காது. காலையில் செலின் அதை எடுத்து விளையாடியவள், தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டாள். எடுத்தபோது அது கூழ். மருதாசலம் பல்லடம் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஒரு அறை கொடுக்கலாம் என்று கையை ஓங்கிய நதியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, செலின் அந்த அட்டையைக் காலோடு வைத்துப் பார்த்துக்கொண்டு, "அம்மா, இது என் காலு" என்று சிரித்தது. குதிகாலுக்குக் குதிகால், விரலுக்கு விரல் அச்சாகப் பொருந்தியிருந்தது. அந்தக் காலையே அட்டையாக வைத்து வெட்டிவிடலாம் என்று தோன்றியது.

விழித்திருக்கும்போது காலைத் தொட்டாலே கூச்சத்தில் நெளிகிற பிள்ளை அது. அதனால் மத்தியானம் அவள் சோறு தின்றுவிட்டு ஒருக்களித்துத் தூங்கும் வரை காத்திருந்தாள். முழங்காலிலிருந்து குதிகால் வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை வெள்ளை நூலை வைத்து அளந்து, இடத்துக்கு ஒரு முடிச்சாக மூன்று முடிச்சுப் போட்டாள். வலது காலுக்கு அடியில் துணியை நுழைத்து, நீலச் சாக்பீஸால் சுற்றி வரைந்தாள். குதிகாலைச் சுற்றி வரும்போது கை தானாக நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நேரமில்லை என்று தன்னைத் திட்டிக்கொண்டு மீதியை வரைந்து முடித்தாள்.

அவளுடைய அப்பா சூசை, ஊரில் கோயிலுக்குச் சவப்பெட்டி அடிக்கிறவராக இருந்தார். இறந்தவர்களை டேப் வைத்து அளக்க மாட்டார், நூல்தான். சின்ன வயதில் நதியா விளையாட்டாகத் தூங்கும் தம்பியின் மேல் நூலைப் பிடித்தபோது, வாழ்நாளில் அடிக்காத மனுஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"தூங்குத பிள்ளைய அளக்காதட்டி. அளவு எடுத்தாச்சுன்னா பெட்டி கேக்கும்."

தொழில் பயம், வேறென்ன. பெட்டி அடிக்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். இப்படிச் சொல்லிக்கொண்டே நதியா ஆறாவதைத் தைத்தாள், ஏழாவதைத் தைத்தாள். பெடல் கிரீச்சிட்டது. தூறல் வலுத்து மழையானது.

பதினைந்தாவதைக் கொடியில் மாட்டும்போதுதான் கொடி தொய்ந்திருப்பதைப் பார்த்தாள். பஞ்சு மாதிரியான துணி, ஒன்று நூறு கிராம்கூட வராது. கொடி நடுவில் பள்ளம் விழுந்து, சாக்ஸ்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சறுக்கி ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தாள். கனம் இருந்தது. கை நுழைத்துத் துழாவினாள். உள்ளே வெறும் லைனிங்தான். கையை எடுத்தாள். மறுபடியும் கனத்தது.

"அம்மா."

செலின் விழித்திருந்தாள். எழவில்லை. மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலு மரத்துப் போச்சு."

"எந்தக் காலுட்டி?"

"படம் வரைஞ்சியே, அந்தக் காலு."

தூங்கும்போது வரைந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்தாள். கால் ஜில்லென்று இருந்தது. ஆவணி மழைக்கு வருகிற ஜில்லிப்பு அல்ல. தேய்த்தாள், ஊதினாள், தேங்காய் எண்ணெயைச் சூடு பறக்கத் தடவினாள். தோலில் சிவப்பு ஏறவே இல்லை. இடது கால் அடுப்பு மாதிரிச் சுட்டது. வலது கால் மடியில் கனமே இல்லாமல் கிடந்தது.

"உருண்டு படுத்திருப்ப மக்கா. சரியாப் போயிரும்."

"அங்க இருக்கு பாரு," என்று செலின் கொடியைக் காட்டினாள்.

அப்பாவுக்குப் போன் செய்யலாம் என்றால் அவர் போய் ஆறு வருஷமாகிறது. புருஷன் அந்தோணிராஜ் டையிங் யூனிட்டில், உள்ளே போனால் ஷிப்டு முடியும் வரை போன் கிடையாது. போன் கிடைத்தாலும் என்ன சொல்வது? சாக்ஸ் சுடுகிறது என்றா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஆறரைக்கு மருதாசலம் வந்ததும் அவர் வண்டியிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அதுவரை சும்மா உட்கார முடியாமல் மறுபடி மிஷினுக்குப் போனாள். அதற்காக அவள் தன்னையே பிறகு மன்னிக்கப் போவதில்லை.

இருட்டத் தொடங்கியது. மின்சாரம் வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருபத்து நான்காவதின் இடைவெளியைத் தைத்து மூடிப் பல்லால் நூலைக் கடித்தாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

தொப். தொப்.

செலின் கதை கேட்கும்போது குதிகாலால் தரையைத் தட்டுவாள். அதே சத்தம், அதே இடைவெளி விட்டு. "தட்டாதட்டி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். செலின் அசையாமல் படுத்திருந்தாள். சத்தம் சுவர் பக்கமிருந்து வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, காற்று இல்லை, மெழுகுவர்த்திச் சுடர் நிமிர்ந்து நின்றது. கொடியில் சாக்ஸ்கள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் போய், ஒன்றாகச் சுவரைத் தட்டின.

தொப்.

அவளுக்கு நூல் ஞாபகம் வந்தது.

முடிச்சுப் போட்ட அந்த நூல். மிஷின் பலகையில்தான் வைத்தாள். பலகையில் இல்லை. தரையில் இல்லை. வெட்டுத் துண்டுகளைக் கொட்டி உதறினாள். இல்லை. அப்பா அளந்த நூலை ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வாசலில் கையை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நூல் வீட்டில் இருக்கக் கூடாது.

கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். சூடு. கனம். ஒன்றின் பாதத்தில், சிவப்புக்கும் லைனிங்குக்கும் நடுவில், விரலில் நெருடியது. ஒரு முடிச்சு. தள்ளி இன்னொன்று. தள்ளி மூன்றாவது. திருப்பும்போது உள்ளே மாட்டியிருக்கிறது. பிரிப்பூசியை எடுத்து, மூடிய இடைவெளியின் முதல் தையலை அறுத்தாள்.

செலின் வீறிட்டாள்.

"அம்மா, குத்தாத! அம்மா!"

நதியாவின் கையிலிருந்து பிரிப்பூசி விழுந்தது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு விம்மியது. அறுத்தால் வலிக்கிறது. வைத்திருந்தால் நூல் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது? மாதாவே, என்ன செய்வது?

கீழே டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. மருதாசலம் மாடிப்படியில் பாதிவரை ஏறி, பிளாஸ்டிக் உறையை உதறினார்.

"ஏனுங்க அம்மணி, ஆச்சுங்களா? கண்டெய்னர் கெளம்புதுங்க, ஒரு நிமிசம் கூட நிக்க முடியாது."

ஆஸ்பத்திரி என்று கேட்கத்தான் நதியா வாயைத் திறந்தாள். கையில் இருந்த சாக்ஸ் ஒரு முறை உதைத்தது. உடனே அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: போகட்டும். நூல் வீட்டை விட்டுப் போகட்டும். கடல் தாண்டிப் போகட்டும். கண் காணாத ஊரில், எவர் வீட்டுச் சுவரிலோ தொங்கட்டும். இருபத்து நான்கையும் வாரிச் சாக்கில் திணித்து, ஓடிப்போய் அவர் கையில் கொடுத்தாள்.

மருதாசலம் சாக்கைத் தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னங்க இது, இத்தாச்சோட்டுக் கனம்? உள்ளார ஏதாச்சும் வெச்சுத் தெச்சுட்டீங்களா?"

"இல்லண்ணே. மழைல நனஞ்சிருக்கும். நீங்க போங்க. சீக்கிரம் போங்க."

"ஊட்டுல எல்லாம் சொகம் தானுங்களே? மொகமே செரியில்லீங்களே."

"போங்கண்ணே!"

அவர் போனார். வண்டி உறுமி, தெருமுனையில் திரும்பி, மழைக்குள் சத்தம் தேய்ந்தது. நதியா கதவில் சாய்ந்து மூச்சு விட்டாள். போயிற்று. அறையில் சத்தமில்லை. கொடி நேராக நின்றது. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. வாசலில் நின்றபடியே, அப்பா செய்வதுபோல இரண்டு கையையும் உதறினாள்.

உதறிய கை அந்தரத்தில் நின்றது.

ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறாள். நூலை எங்கப்பா போட்டீக, என்று. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்ன பதில் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பெட்டிக்குள்ள, அவுக காலடியில. நூலு எங்க போவுதோ, யார அளந்தோமோ அவுகளும் அங்கதான போகணும்."

"அம்மா," என்றாள் செலின். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "காலு போவுதும்மா."

நதியா மெழுகுவர்த்தியோடு மண்டியிட்டாள். போர்வையை விலக்கினாள்.

உள்ளங்காலில் ஒரு பிளவு. ரத்தம் இல்லை. ஓரங்கள் ஒழுங்காக மடிந்திருந்தன. மூன்று விரல் நுழைகிற அளவு. ஒரு முனையில், அறுத்த தையல் ஒன்று தொங்கியது. பிளவுக்குள் சதை இல்லை. வெள்ளையாக இருந்தது. துணி வெள்ளை.

ஊசி. ஊசி எங்கே. தைத்து மூடிவிட்டால். ஒரு கையால் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தரையைத் துழாவினாள். ஊசி கிடைத்தது. நூல் கோக்கவில்லை. ஊசிக் காது கண்ணுக்கு அகப்படவில்லை.

வெகு தூரத்தில், பல்லடம் ரோட்டின் ஏற்றத்தில், அந்த டிவிஎஸ் வண்டி முக்கி முனகியது.

பிடித்திருந்த கைக்குள், செலினின் பெருவிரல் மடங்கியது. மெதுவாக. உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. பெருவிரல் உள்ளே போயிற்று. பக்கத்து விரல் போயிற்று. அடுத்தது.

"அம்மா, கூசுது," என்றாள் செலின்.