விசிலுக்குக் காத்திருப்பவர்

மேலே கயிறு முனகியது. லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். ஆல்டர் நாடக அரங்கில் கயிறே கிடையாது. திரைகளையும் விளக்குக் கம்பிகளையும் இப்போது மோட்டார்தான் ஏற்றி இறக்குகிறது. ஆனாலும் பனியில் நனைந்த கோட்டுகளின் நெடியையும் வெல்வெட் இருக்கைகளின் பழந்தூசியையும் மீறிக்கொண்டு, சணல் கயிற்று வாசனையும் பெப்பர்மிண்ட் வாசனையும் அவள் மூக்கில் ஏறின. ஓயாமல் பெப்பர்மிண்ட் மெல்லுபவர், அந்தக் காலத்தில் இங்கே கயிறு இழுத்த ஆம்ப்ரோஸ்தான். அவர்தான் செத்துப்போய்விட்டாரே!

"உன் பொண்ணு மேடைல நிக்கிறா, நீ கூரைய எண்ணிட்டிருக்கியா?" கணவன் கில் கிசுகிசுத்தான். "இரு, அவகிட்ட போட்டுக் குடுக்கறேன்."

"சும்மா இரு, கில்."

பெத்தனிக்கு இது முதல் பெரிய வேடம். அதே அரங்கம்தான் கிடைக்க வேண்டுமா?

அந்தக் காலத்தில் மேடைக்குப் பின்னால் யாரும் விசிலடிக்கக் கூடாது. கயிறு இழுப்பவர்களுக்கு விசில்தான் சைகை. இங்கே நடிக்க வந்த முதல் நாளே லோர்னாவுக்கும் அதைச் சொன்னார்கள். அப்படியிருந்தும் ஒருநாள், கைதட்டல் வாங்கிய சந்தோஷத்தில், திரைமறைவில் நின்று ஒரு பாட்டை விசிலடித்துத் தொலைத்தாள். மேலே இருந்த ஆம்ப்ரோஸ் கயிற்றை விட்டார். இரும்புக் கம்பி அவள் தோழி மார்லீனின் தலையில் இறங்கியது.

"விசில் கேட்டுச்சுங்க, சத்தியமா கேட்டுச்சு" என்று அந்த மனுஷர் எல்லோரிடமும் அழுதார். யார் அடித்தது என்று கேட்டபோது லோர்னா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி! குடித்துவிட்டு வேலை பார்த்தான் என்று ஊரே பேச, வேலையும் போய், அந்தப் பெயரோடே அவர் செத்தார். அவள் மட்டும் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, நன்றாகத்தான் இருந்தாள்.

மறுபடியும் முனகல்.

விளக்குகளுக்கு மேலே, இருட்டில், ஓர் ஆள் நின்றார். கையில் கயிறு. அவர் மேடையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். விடட்டுமா என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

பெத்தனி ஓரடி முன்னால் வந்தாள். கம்பிக்கு நேர் கீழே.

லோர்னா எழப் பார்த்தாள். கால் வரவில்லை. மூச்சு இழுத்தது. தொண்டையிலிருந்து மெல்லிய கீச்சொலி. விசில் மாதிரி.

மேலே கயிறு கொஞ்சம் நழுவியது.

மூச்சை அடக்கினாள்.

"லோர்னா, என்ன ஆச்சு? மூச்ச விடு! ஏய், மூச்ச விடும்மா!" கில் அவள் தோளை உலுக்கினான்.

நான்தான் அடித்தேன் என்று இப்போதாவது கத்த வேண்டும். கத்தினால் மூச்சு வந்துவிடும். இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

மேடையில் பெத்தனி வசனத்தை நிறுத்திவிட்டாள். "அம்மா?" என்றாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

ஆம்ப்ரோஸ் அவசரப்படவில்லை. ஒரு கையைக் காதருகே குவித்து, நன்றாகக் குனிந்து, காத்திருந்தார்.