பதிவாகாத நாட்கள்

சட்டைப் பையில் கை விட்டபோது இரண்டு வில்லைகள் வந்தன. இரண்டு இருக்கக் கூடாது.

படுக்கையில் உட்கார்ந்தபடியே அவன் அவற்றைப் புரட்டிப் பார்த்தான். அழுக்கேறிய மஞ்சள் தகடுகள், மேலே ஒரு துளை, நடுவில் ஓர் எண். ஒன்பது அவனுடையது. பதினான்கு, கிடங்கில் எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடும் அவன் நண்பனுடையது. நாக்கு அட்டையைப்போல வறண்டிருந்தது. நெற்றிக்குள் யாரோ ஒரே இடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் பழகியதுதான். விரல் நுனிகள் மரத்துப்போய், தோல் வெளுத்து உரிந்திருந்தது மட்டும் புதிது. எதிலோ சுட்டுக்கொண்டிருப்போம் என்று நினைத்தான். எதில் என்று நினைக்கும் தெம்பு இல்லை.

அவன் வேலை பார்ப்பது குளிர்பதனக் கிடங்கில். மீன் பெட்டிகளும் பட்டாணி மூட்டைகளும் அடுக்கிய பெரிய அறை, மைனஸ் பதினெட்டு டிகிரி. அறைக் கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. புதியது வரும்வரை மேற்பார்வையாளர் ஒரு வழி செய்திருந்தார்: உள்ளே போகிறவர் தன் வில்லையை வெளியே இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போகவேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் கதவைப் பூட்டலாம். நல்ல ஏற்பாடு. அதை அவனும் ஒட்டகமும்தான் கெடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போவார்கள், சேர்ந்தே வருவார்கள்; முதலில் வருகிறவன் இரண்டு வில்லைகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். அதற்கு நட்பு என்று பெயர்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி வரை அவனுக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள் முதல் மூன்று நாள் கிடங்குக்கு விடுமுறை என்ற குஷியில் காலையிலிருந்தே லாரிக்குப் பின்னால் போய்ப் போய்க் குடித்தது, நீண்ட கழுத்தை ஆட்டி ஒட்டகம் சிரித்தது, அவன் தோளில் ஒரு பெட்டி. அதற்கப்புறம் வெறும் வெள்ளை.

வயது இருபத்துமூன்று. பதினேழில் விளையாட்டாகத் தொடங்கியது. போன வருடம் அக்கா இழுத்துக்கொண்டுபோய்க் காட்டிய டாக்டர், பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "மறந்துபோறதுன்னு நெனைக்காதே தம்பி. மறந்தா தேடி எடுக்கலாம். உனக்குப் பதிவே ஆகலை. எழுதாத நோட்டுல என்னத்தைத் தேடுவே? இந்த வயசுல மூளை இன்னும் சுடாத பானை. அதுல ஊத்தினா ஊத்தினதும் நிக்காது, பானையும் நிக்காது." அன்றைக்குத் தலையாட்டினான். அதன்பிறகு வெள்ளை வளர்ந்தது. குடித்தபின் நடந்ததைத் தின்றது போதாமல், குடிப்பதற்கு முன் நடந்ததையும் ஓரத்திலிருந்து கொறிக்கத் தொடங்கியிருந்தது.

அவன் ஞாபகத்துக்கு ஒட்டகம்தான் குமாஸ்தா. காலையில் கேட்டால் போதும். "நேத்தா? தபால் பெட்டியைக் கட்டிப்பிடிச்சு, நல்லா இரும்மான்னு வாழ்த்தினேடா. நான்தான் பிரிச்சுக் கூட்டியாந்தேன்." பாதி பொய். ஆனாலும் இல்லாத இரவுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

இன்றைக்குக் கேட்கவேண்டிய ஆளின் வில்லை அவன் கையில் இருந்தது.

அக்கா சமையலறையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நான்..."

"ஏழு மணிக்கு வந்தே," என்றாள், திரும்பாமல். "நடந்துதான் வந்தே. விழலை. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சே. பசிக்கலைன்னே. ஒட்டகம் உன்கூட வரலை. போதுமா?"

"நான் இன்னும் அதைக் கேக்கவே இல்லையே."

"கேப்பே." இஸ்திரிப் பெட்டி ஒருமுறை போய்வந்தது. "ஊருக்குப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தான், போயிருப்பான். போன்தான் எடுக்கலை. அவங்கம்மா என்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. அதையும் உன்கிட்ட சொல்லியாச்சு."

"எப்பச் சொன்னே?"

அக்கா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபத்துக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். சட்டையை மடித்தாள், விளக்கை அணைத்தாள், வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அவன் போன் செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டு முகம் கழுவினான். கண்ணாடியில் மூன்று நாள் தாடி. நேற்றுக் காலைதான் சவரம் செய்ததாக ஞாபகம். ஞாபகத்தை நம்புவதை எப்போதோ விட்டிருந்தான்.

விடுமுறையிலும் தினம் ஒருமுறை போய்க் குளிர் அறையின் வெப்ப அளவைக் குறித்துவைப்பது அவன் பொறுப்பு. சாவியும் அவனிடம்தான். எப்படியும் போகவேண்டியதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். போனால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். ஒட்டகம் ஏதோ ஒரு பஸ்ஸில் கழுத்தைக் கோணலாக வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். வில்லையைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்வான். கிண்டல் செய்யட்டும். ஆயுளுக்கும் செய்யட்டும்.

சாலையில் பள்ளிவேன் ஒன்று கடந்துபோனது. ஜன்னல் நிறையச் சீருடைப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன பள்ளிக்கூடம் என்று தோன்றியது. ஏதாவது சிறப்பு வகுப்பாக இருக்கும். கால்கள் தாமாகவே நடந்தன. இந்த வழியைப் புதிதாக நினைவில் வைத்திருந்ததுபோல, குழிகளை அவன் பார்ப்பதற்கு முன்பே தாண்டின.

கிடங்கின் வாசலில் காவலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அவர் வைத்த பெயர் 'டிகிரி'.

"வாங்க டிகிரி. நாளைக்குத் தொறந்துட்டா உன் தொல்லை விட்டுது எனக்கு."

நாளைக்கா? புதன்கிழமைதானே திறக்கவேண்டும். பெரியவருக்கும் கிழமை குழம்பியிருக்கிறது.

"அண்ணே, சனிக்கிழமை ஒட்டகம் வெளிய போனதைப் பாத்தீங்களா?"

காவலாளி காது குடைந்துகொண்டிருந்த குச்சியை எடுத்தார். "அன்னிக்கு நான் லீவு. சொன்னேனே. எனக்குப் பதிலா நின்ன ஆள்கிட்ட கேட்டா, ஏகப்பட்ட லாரி, யாரைப் பாத்தேன்னான். அதையும் சொன்னேனே." குச்சியை வீசி எறிந்தார். "போறப்ப இன்னைக்காவது அழாம போப்பா. பாக்கச் சகிக்கலை."

"நான் எப்ப அழுதேன்?"

அவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி. அழலை."

நடைபாதையில் அம்மோனியா வாடை. கம்ப்ரசரின் உறுமல் சுவரிலிருந்து செருப்புக்கும், செருப்பிலிருந்து பல்லுக்கும் ஏறியது. எங்கோ ஒரு குழாயில் நீர் சொட்டி, நின்று, யோசித்து, மறுபடி சொட்டியது. குழல்விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு வெளிச்சமானது. பலகை காலி. ஆணிகளின் நிழல் மட்டும் வரிசையாக. அளவுமானி மைனஸ் பதினெட்டில் நின்றது. பக்கத்தில் அட்டையில் செருகிய தாள். கயிற்றில் தொங்கிய பேனாவை எடுத்தான்.

ஞாயிறு என்ற கட்டத்தில் எழுதியிருந்தது.

மைனஸ் பதினெட்டு. அவன் கையெழுத்து.

திங்கள் என்ற கட்டத்திலும் எழுதியிருந்தது. எண்கள் நடுங்கி, கோட்டைத் தாண்டி, கீழே சரிந்திருந்தன. ஒரு துளி ஈரம் பட்டு மை பரவியிருந்தது.

காலியாக இருந்தது செவ்வாய்.

பேனா கயிற்றில் ஆடியது. அவன் அதை விட்டது அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய். பள்ளிவேன். நாளைக்குத் திறப்பு. *அதையும் உன்கிட்ட சொல்லியாச்சு.* திரும்பிப் போய்விடலாம். யாராவது நாளைக்குத் திறப்பார்கள். யாராவது.

கை பூட்டைத் திறந்தது.

கதவின் ரப்பர் விளிம்பு உரியும் சத்தத்தோடு பிரிந்தது. வெண்புகை முழங்காலைத் தழுவிக்கொண்டு வெளியே வந்தது. கதவு மூடாமல் முட்டுக்கொடுக்க, வாசலிலேயே ஒரு மரப்பெட்டி தயாராக இருந்தது. அதை யார் வைத்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே மங்கலான ஒரே விளக்கு. தரையில் உறைபனி.

பனியில் காலடித் தடம். போன தடம், வந்த தடம். அவற்றின்மேல் மெல்லிய பனி. அதன்மேல் மறுபடியும் போன தடம், வந்த தடம். எல்லாவற்றிலும் இடது குதிகால் தேய்ந்திருந்தது.

அவன் தன் இடது செருப்பைப் பார்க்கவில்லை.

தடம் மீன் பெட்டிகளைச் சுற்றி, பட்டாணி மூட்டைகளுக்குப் பின்னால் திரும்பியது. அவனும் திரும்பினான்.

ஒட்டகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு, அந்த நீண்ட கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு. முடி வெள்ளை. கைகள் வெள்ளை. மேலே போர்த்தியிருந்தது, வீட்டில் கொடியில் தொங்குவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்த அவனுடைய கறுப்புக் கோட்டு. ஒவ்வொரு பொத்தானும் கவனமாகப் போடப்பட்டிருந்தது.

முகத்தில் மட்டும் பனி இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். விரல்களால், பொறுமையாக, தோல் உரியும்வரை துடைத்திருந்தார்கள்.

கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தான். புகைதான் வந்தது. ஓடவேண்டும். வாசலுக்கு. காவலாளியிடம். சொல்லவேண்டும். திங்கட்கிழமையும் இப்படித்தான் நினைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமையும்.

ஒட்டகத்தின் எதிரே, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில், பனி அழுந்தி ஒரு குழிவு இருந்தது. ஓர் ஆள் நெடுநேரம் உட்கார்ந்திருந்த அளவு. அவன் மெதுவாக அதில் உட்கார்ந்தான். முதுகு, தொடை, குதிகால். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் மிச்சமில்லை.

பக்கத்தில் ஒரு காலிப் புட்டி உருண்டு கிடந்தது. இன்னொன்று நிமிர்ந்து நின்றது, பாதி நிரம்பி. எல்லாம் கல்லாகிப்போன அந்த அறையில் அதனுள் இருந்தது மட்டும் உறையவில்லை. கை அதை எடுத்துச் சாய்த்தபோது, விளக்கின் வெளிச்சத்தில், அது உயிரோடு இருப்பதுபோல மெல்ல ஆடியது.