பாறைக்குச் சொன்ன வணக்கம்

பாறை எழுப்பும் ஒலியை இருநூறு மடங்கு வேகத்தில் ஓட்டினால்தான் மனிதக் காதுக்கு எட்டும். அன்று காலை மாநாட்டு அரங்கில் ரைலி அதைத்தான் ஓட்டிக் காட்டினாள். சுரங்கச் சுவர்களில் பதித்த கருவிகள் இரவு முழுக்கப் பிடித்துவைத்த ஒலி, ஈரமான பிர்ச் விறகு அடுப்பில் வெடிப்பதைப் போலச் சடசடத்தது. பிரெஞ்சுக்காரர்களும் சுவீடர்களும் கனடாக்காரர்களும் காபிக் கோப்பையைப் பிடித்தபடி தலையாட்டினார்கள். எரிந்து முடிந்த அணு எரிபொருளை எங்கே புதைப்பது என்ற ஒரே கவலை அவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்தச் சடசடப்பின் நடுவே மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரைலி மட்டும் அந்தத் தட்டுகளை மனதில் மறுபடி எண்ணினாள்.

அவள் கணவன் கலெர்வோ அப்படித்தான் தட்டுவான். அவனும் நிலவியலாளன். சுரங்கக் கூரையோ, வீட்டுக் கதவோ, அடுப்பிலிருந்து எடுத்த ரை தானிய ரொட்டியின் அடிப்பாகமோ, எதுவானாலும் மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்டு, இன்னும் ஒரு முறை தட்டுவான். போன வசந்தத்தில் சோதனைச் சுரங்கத்தின் கடைக்கோடியில் கூரை அவன்மேல் இறங்கியது. இரண்டு முறை தோண்டிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் மேலும் பாறை சரிந்தது. அவனை அங்கேயே விட்டுவிடலாம் என்று சொன்னவர்களில் ரைலியும் ஒருத்தி. அணுக்கழிவு ஒரு குப்பிகூட இறங்காத சுரங்கம் அது. இறங்கித் தங்கியது கலெர்வோ மட்டும்தான்.

இன்று மதியம் அதன் வாயைக் கான்கிரீட்டால் அடைக்கிறார்கள். அதற்கு முன் ஒருவர் சுற்றுப் பாறையைத் தட்டிப் பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டும். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். இன்னொருவர் வாயால் அது முடிவதை அவளால் தாங்க முடியாது.

பேச்சுமேசையை விட்டு நகரும்போது மனம் தானாகக் கணக்குப் போட்டது. இங்கே ஒரு நொடி என்றால் கீழே மூன்று நிமிடத்துக்கும் மேல். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று நிமிடம். கலெர்வோ பொறுமைசாலி இல்லை. காபி வடிவதற்குள் கோப்பையை நீட்டுகிறவன். மாட்டிக்கொண்டு தவிக்கிற மனிதன் அப்படித் தட்டமாட்டான். அவசரமே இல்லாத ஒன்றுதான் அப்படித் தட்டும்.

யோர்மா வேனை ஓட்டினான். கான்கிரீட் வேலைக்குப் பொறுப்பாளன், கலெர்வோவின் பழைய நண்பன். சுற்றிச் சுற்றிக் கீழே போகும் பாதையில் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தில் விழுந்து நழுவின.

"நீ வரணும்னு கட்டாயம் இல்ல ரைலி. நானே தட்டிட்டு வந்திருப்பேன்."

"உனக்கு ஒரு காது கேக்காது."

"அந்தப் பக்கந்தான் என் பொண்டாட்டி உக்காருவா. இன்னொண்ணு நல்லாவே இருக்கு."

அவள் சிரித்தாள்.

சுரங்கத்தின் வாயருகே ஈரக்கல், சிமெண்ட், டீசல் எல்லாம் கலந்த வாடை. எங்கோ நீர் சொட்டியது. இரும்புச் சட்டத்துக்கு அப்பால் இருட்டு கெட்டியாக, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் நின்றது. குழாயைத் தோளில் ஏந்திய ஆட்கள் அவளைப் பார்க்காமல் தள்ளி நின்றார்கள். அவள் சுத்தியலால் இடப்பக்கம் தட்டினாள். மேலே. வலப்பக்கம். எங்கே தட்டினாலும் மணிபோலத் தெளிவாக ஒலித்தது. உள்ளே வெடிப்போ வெற்றிடமோ இருந்தால் பொள்ளலாகக் கேட்கும். கேட்கவில்லை.

பொள்ளல் என்று பொய் சொல்லிவிடலாம். வேலை நிற்கும். மறுபடி தோண்டுவார்கள். மறுபடி கூரை சரியும், இந்த ஆட்கள்மேல். இல்லை, சரியாமல் அவனிருக்கும் இடம்வரை போய்விடுவார்கள். எது அதிகப் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சொல்லு ரைலி. கலவை இறுகிடும்."

"தெர்வே," என்றாள்.

திடமான பாறைக்கு அவர்கள் தொழிலில் அதுதான் சொல். உடம்புக்கு ஒன்றுமில்லை, நலம் என்று பொருள். அவர்கள் ஊரில் வழியில் ஒருவரைப் பார்த்தால் சொல்லும் வணக்கமும் அதே சொல்தான். இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்ட பிறகே அது அவளுக்கு உறைத்தது. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வரும்.

குழாய் உறுமத் தொடங்கியது. உள்ளங்கால் வழியாக ஏதோ ஏறியது. கட்டிப்போட்ட படகில் நிற்பதுபோல, தரை மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது. யோர்மாவின் கோப்பையில் காபி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்தது.

"கை நடுங்குது உனக்கு," என்றாள்.

"என் கையா? கீழ வச்சு ரொம்ப நேரமாச்சே."

கோப்பை பாறைமேல் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆடி, அது அடங்கியது.

பிற்பகல் அமர்வுக்கு அவள் அரங்கத்துக்குத் திரும்பியபோது, குளிர்காலப் பகல் சீக்கிரமே முடிந்து, வெளியே இருட்டிவிட்டிருந்தது. அரங்கம் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது; மேடை என்று தனியாக எதுவும் இல்லாமல் பாறைமேல் நேராகப் பதித்த கருங்கல் தரையில் ஒரு பேச்சுமேசை மட்டும். கைப்பேசியில் யோர்மாவின் செய்தி: "ஊத்தியாச்சு." இனி அவனை யாரும் எடுக்க முடியாது. பல்லாயிரம் ஆண்டுகளில் மேலே கடலும் பனியுகமும் வந்து போகும். அவன் அங்கேயே இருப்பான்.

முன்வரிசையில் இங்கெயார்ட் என்ற சுவீடன்காரி கை உயர்த்தினாள். "வாயை அடைச்ச நேரத்துல பாறை என்ன சொல்லுச்சு? அதைப் போடுங்களேன், கேப்போம்."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போட்டாள்.

சடசடப்பு. சடசடப்பு. பிறகு, கரகரத்த, தூக்கம் கலைந்த, அவள் பல வருடம் தலையணைக்கு அருகில் கேட்ட குரல்.

"தெர்வே."

அரங்கம் சிரித்தது. அவள் செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பழக்கதோஷத்தில், சேர்ந்தே பதில் சொன்னார்கள்.

"தெர்வே, தெர்வே."

ரைலி ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினாள். சிரிப்பு ஓய்ந்தது. கோப்பைகள் ஓய்ந்தன.

தட்டல் கேட்டது.

ஒலிபெருக்கியில் இல்லை. தரைக்கடியில். மூன்று. இடைவெளி. ஒன்று. வேகம் கூட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது அது மனித வேகத்தில் தட்டியது.

கடைசி வரிசைக்குக் கீழே. திடமான ஒலி.

அடுத்த வரிசை. திடம்.

யாரோ நாற்காலியிலேயே கால்களை மேலே இழுத்துக்கொண்டார்கள். இங்கெயார்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை வரிசையாக, அவசரமில்லாமல், தன் வேலை தெரிந்தவன் கூரை பார்ப்பதுபோல, அது முன்னால் வந்தது. நடுவரிசை. முன்வரிசை. ஒவ்வொரு இடத்திலும் நின்றது. கேட்டது. நகர்ந்தது.

பேச்சுமேசை.

அவள் பாதங்கள்.

மூன்று.

இடைவெளி.

ஒன்று.

பொள்ளல்.