மணிக்கட்டில் மூன்று சுற்று

ஈயக்குண்டு இன்னும் தரையைத் தொடவில்லை.

“இங்க எட்டு பாகம்தான் ஆழம், பாப்பா” என்று சொல்லி, ஒரு பாகம் என்றால் எவ்வளவு என்று படகுக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியிருந்தார். அந்தக் கணக்குப்படி எப்போதோ நின்றிருக்க வேண்டிய தூண்டில் கயிறு, அவனுடைய எட்டு வயது மகளின் விரல்களுக்கிடையே சரசரவென்று இறங்கிக்கொண்டே இருந்தது. டீசல் புகையும் இரைக்கு வெட்டிய மீனின் கவிச்சியும் நடுப்பகல் மூடுபனியில் கலைய வழியில்லாமல் படகிலேயே தங்கி, அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மகள் அவனுடையவள். மாலை ஆறு மணிக்கு அவளை அவள் அம்மா வீட்டு வாசலில் விட்டாக வேண்டும். அதற்குள் ‘எங்கப்பா மாதிரி உண்டா’ என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் அவனுக்கு. கயிறு தீரப்போகிற நேரத்தில் படகுக்காரர் இன்ஜினைக் குடைந்துகொண்டிருந்தார். அவன் கயிற்றின் நுனியை அவள் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். “கையில மட்டும் சுத்தவே கூடாது” என்று ஏறும்போதே அந்த ஆள் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது நினைவில்தான் இருந்தது. அந்தச் சிடுசிடுப்புக்காகவே செய்தான் என்றும் சொல்லலாம்.

இறங்கிக்கொண்டிருந்த கயிறு நின்றது.

“அப்பா, நான் ரெண்டு தடவ இழுத்தா அதுவும் ரெண்டு தடவ இழுக்குது!”

“மீனா இருக்கும்டா கண்ணு.”

“மூணு இழுத்தா மூணு இழுக்குதுப்பா.”

படகின் அடியில் அலை தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

படகுக்காரர் திரும்பினார். மகளின் மணிக்கட்டைப் பார்த்தார்.

“யாரு சுத்துனது?”

“நான்தாங்க. நழுவிடும்னு...”

“பெத்த கையாலயே கட்டி விட்டுட்டியேய்யா!”

மரியாதை காற்றில் போயிற்று. அவர் கத்தியை எடுத்து, மணிக்கட்டிலிருந்து ஒரு சாண் விட்டுக் கயிற்றை அறுத்தார். மீதிக் கயிறு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போயிற்று. இன்ஜினைக் கிளப்பிவிட்டு, சுக்கானைப் பிடித்துக் குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை மடியில் இழுத்துப்போட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்த முடிச்சு. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை.

அறுந்த நுனி மடியிலிருந்து எழுந்தது.

மெல்ல. தண்ணீர்ப் பக்கம். விறைப்பாக. அந்த ஒரு சாண் கயிற்றுக்கு அப்பால் வெறும் காற்று.

இரண்டு இழுப்பு.

“நான் இழுக்கவே இல்லப்பா.”

“அண்ணே!” என்று கத்தினான். “அண்ணே, இங்க பாருங்க!”

படகுக்காரர் திரும்பவில்லை. வேகத்தை மட்டும் கூட்டினார்.

அவன் இரண்டு கைகளாலும் மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

மூன்று இழுப்பு.

படகு கரையைப் பார்த்துத்தான் ஓடியது. மகளின் கை மட்டும் கடலைப் பார்த்து, தோள்வரை நீண்டு நின்றது.