தாங்குதரை

பந்தோடு ஓடுகையில் பின்னாலிருந்து வந்த கால் தட்டியதும் ஷெரின் விழத் தொடங்கினாள். விழுவது அவளுக்குப் பிடிக்கும். புல்லுக்கு அடியில் நிரப்பியிருந்த உணர்மணிகள் அவள் உடம்பின் சாய்வை அறிந்து, அவள் வந்து சேரும் முன்பே இளகிவிட்டன. தரை அவளை உள்வாங்கி, சற்று நேரம் வைத்திருந்து, மெல்லத் திருப்பிக் கொடுத்தது. மேலே ஒரு மேகம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இந்தத் தாங்குதரை வந்தபின் குமரிக் கடற்கரைப் பெண்கள் கால்பந்து அணியில் எலும்பு முறிவு என்ற பேச்சே இல்லை. பாதம் திருகினால் தரையும் கூடவே திரும்பியது. முட்டி ஜவ்வு கிழிவதும் நின்றுபோனது. பெண்கள் பயமில்லாமல் பாய்ந்தார்கள். கூட்டம் அதைப் பார்க்கவே வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், மீன் சந்தைப் படிக்கட்டின் ஈரத்தில் ஷெரினின் செருப்பு வழுக்கியது. கீழே நின்ற கணவன் ஜெபின் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கையை ஊன்றவில்லை. கண்ணைப் பாதி மூடி, கைகளை அகல விரித்து, மெத்தையில் சாய்பவளைப் போல வந்தாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது என்று பிற்பாடு சொன்னான்.

தாடை உடைந்தது.

அணியின் மருத்துவர் ஹமீதா எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தார். "விழுறப்போ கை தன்னால முன்னாடி வரணும் ஷெரின். கை அடிபடும், முகம் தப்பிக்கும். உன் கையில ஒரு சிராய்ப்புகூட இல்ல. உடம்பு அதை மறந்துபோச்சு."

வாய்க்கட்டோடு ஷெரின் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். அங்கே கோல்கீப்பர் அன்சிலா, மூக்கில் கட்டுடன். குளியலறையில் விழுந்தவள்.

"அவளுக்கும் இதேதான்" என்றார் ஹமீதா.

கிளப் உடனே முடிவெடுத்தது. ஆட்டக்காரர்கள் வீடுகளிலும் தாங்குதரை போடப்பட்டது. அடுத்து தெருக்கள் என்றார்கள். தாடை கூடி ஷெரின் திரும்பியபோது, முன்னறையிலிருந்து அடுக்களை வரை மேகத்தில் நடப்பதுபோல் இருந்தது.

அவள் மகள் எவ்லின் அப்போதுதான் நடக்கப் பழகினாள். விழுந்தாள், தரை ஏந்திக்கொண்டது, சிரித்தாள். வேண்டுமென்றே மறுபடி விழுந்தாள்.

"அழவே மாட்டேங்குது பாத்தியா" என்றான் ஜெபின். "குடுத்து வச்ச பிள்ள."

ஷெரின் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் குழந்தை கைகளை அகல விரித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் விழுந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே துணி துவைக்கிற சிமெண்டுத் தரை. குழந்தையை அதில் நிறுத்திக் கையை விட்டாள்.

"ஏய், என்ன செய்யுற நீ?" என்றான் பின்னாலேயே வந்த ஜெபின்.

குழந்தை தள்ளாடியது. பிடிக்கப் போன தன் கைகளை ஷெரின் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். குழந்தை விழுந்தது. வீறிட்டு அழுதது.

ஷெரின் உட்கார்ந்து, அந்தச் சின்ன உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் சிவந்திருந்தன.

"வந்துட்டு" என்றாள், கண் கலங்க. "இவளுக்குக் கை வந்துட்டு."

பிறகு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி நிறுத்தினாள்.